என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

என் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னது வேறு யாரும் இல்லை. நானேதான்.

(இத்தனை வருடம் கழித்து இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.)

நேற்று இந்தக் குழுவில் ஒரு தோழி, தன் மகள் பி.ஏ. முடித்துவிட்டு நர்சிங் சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தார். கீழே ஒருவர், "டிகிரி வாங்கிட்டு பெட்பேன் தூக்கவா?" என்று கேட்டிருந்தார். சிரிக்கிற பொம்மை வேறு.

ஐயா, இதே கேள்வியை அறுபதுகளிலேயே எங்கள் பெரியம்மா உங்களைவிடக் காட்டமாகக் கேட்டுவிட்டார்.

நான் சேலம் டவுன்காரி. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. சரித்திரம் படித்தேன். ஊருக்குத் திரும்பினால், அசோகரைத் தெரிந்து வைத்திருப்பவளுக்கு என்ன வேலை கிடைக்கும்? சும்மா உட்காரப் பிடிக்கவில்லை.

அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். சர்டிஃபிகேட் வாங்கி, ஊரிலேயே கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தேன். அந்த வேலை எனக்கு உயிர்.

அம்மா இல்லாத எனக்கு வரன் பார்த்தது பெரியம்மாதான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் வீடு. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று, மருந்து வாசனை போவதற்காக எனக்கு மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் மல்லிகை வைத்துவிட்டார் பெரியம்மா. வந்தவர்களிடம், "பி.ஏ. படிச்சிருக்குதுங்க. ஊட்டுலதான் இருக்குது" என்றார்.

நர்ஸ் என்ற பேச்சே இல்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏம் பெரிம்மா, வேலையைப் பத்திச் சொல்லலையே?"

"கல்யாணம் முடியட்டும் கண்ணு. அப்புறம் வேலையை உட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது? பி.ஏ.ன்னா மருவாதி. நர்ஸுன்னா கண்டவனையும் தொட்டுத் தூக்கறவன்னு பேசுவாங்க."

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதுதான் பெரிய சங்கடம்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, கோயிலில் பூசையின்போது ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. தெரிந்தும் சொல்லாவிட்டால் பாவம்.

முதல் ஓலையில் என் பெயரை வாசித்தபோது, அந்தக் 'கடமைப்பட்டவர்கள்' என்னைத்தான் சொல்வது போல இருந்தது. பக்கத்தில் பெரியம்மா முக்காடு போட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போனேன்.

"ஸ்தோத்திரம் சாமி. கல்யாணத்துக்கு ஒரு தடை இருக்குதுங்க."

"யார் கல்யாணத்துக்கும்மா?"

"எங் கல்யாணத்துக்குத்தானுங்க. நான் நர்ஸுங்க. அவங்களுக்கு அது தெரியாதுங்க."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு புரிந்தது.)

"அது தடையில சேராதும்மா. ஆனா மறைக்கறது தப்பு. நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பி அவங்களை வரச் சொல்றேன். நீயே சொல்லிரு."

அந்த வாரம் முழுக்க டூட்டியிலும் எனக்கு இதே யோசனை. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. கல்யாணம் நின்றால் அழுது தேறிவிடுவேன். வேலை போனால் தேற மாட்டேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "அட சாமி, நாங்களும் ஒண்ணைய மறைச்சுட்டமே" என்றார்.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் அப்பா வரவில்லை. லாரி விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார்.

"தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க? நீ நர்ஸுங்கறது நெம்ப நல்லதாப் போச்சு அம்மிணி. இனி ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு? மாமனை ஊட்டுலயே பார்த்துக்க."

அப்பாடா என்று மூச்சு விடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெரியம்மா மானத்துக்காக விடச் சொன்ன வேலையை இவர் பாசமாக விடச் சொல்கிறார். எப்படியும் போகப் போவது என் வேலைதான்.

"மாமாவைப் பார்த்துக்கறேனுங்க. ஆனா டூட்டிக்கும் போவேனுங்க. நாமக்கல்லுக்கு மாத்தல் கேக்கறேன். நான் இல்லாத நேரத்துல எப்படிப் பாக்கறதுன்னு உங்களுக்குச் சொல்லித் தாரேனுங்க."

"எங்களுக்கு அதெல்லாம் வருமா?"

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்திருச்சுங்க. எப்படிப் புரட்டறதுன்னு எனக்குத் தெரியலைங்க. இப்பவே சொல்லித் தர முடியுங்களா?"

பாயை விரித்தோம். எங்கள் அப்பாதான் நோயாளி. (நன்றாகவே முனகினார்.)

தோளையும் இடுப்பையும் எப்படிப் பிடிக்க வேண்டும், ஒரே பக்கமாகக் கிடந்தால் ஏன் புண் வருகிறது என்று வார்டு இங்கிலீஷ் கலக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை தடுமாறித் தடுமாறி, கடைசியில் சரியாகத் திருப்பிவிட்டார்.

அவர் அம்மா என்னையே பார்த்தார். "இது நர்ஸ் படிப்பா, பி.ஏ. படிப்பா?"

"புரட்டறது நர்ஸ் படிப்புங்க. புரியற மாதிரி சொல்றதுக்கு பி.ஏ.வும் வேணுமுங்க."

(பின்னாளில் நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்குப் பாடம் நடத்த ஆள் தேடியபோது, இரண்டும் படித்தவள் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.)

ஆனால் வேலைக்குப் போகலாமா என்பதற்கு அந்த அம்மா பதில் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மீதி ஓலைகளும் வாசித்தாயிற்று. கல்யாண ஜவுளி எடுக்க எல்லோரும் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனோம். நான் பட்டில் மனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பட்டு எடுத்து முடிந்ததும் அந்த அம்மா கடைக்காரரைக் கூப்பிட்டார். "வெள்ளைல, தொவைக்கத் தாங்கற மாதிரி நூல் சேலை காட்டுங்க."

கடைக்காரர் தயங்கினார். "கல்யாண ஜவுளிங்களே... வெள்ளை எதுக்குங்க?"

"எம் மருமவளுக்குங்க" என்றார் மாமியார். "டூட்டிக்குக் கட்டிட்டுப் போகோணுமில்லீங்க."