ஆலங்கட்டி மழையில முருகனைத் திட்டினேன்

மலைப் பாதையில என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடக்கிறாரு. அவர் தொடையில என் ரெண்டு கையும் அழுந்தியிருக்கு. கையை எடுத்தா ரத்தம் பீறிடும். எடுக்காம நான் உதவி தேடி ஓட முடியாது. ஃபோன்ல சிக்னல் இல்லை. வானம் கறுத்துக்கிட்டு வருது. எங்களைக் கூட்டிட்டு வந்த மாவீரர்கள் எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. போன வருஷம் ஜூலை லாங் வீக்கெண்ட்ல, என் வாழ்க்கையிலயே இதுக்கு மேல ஒண்ணுமில்லைன்னு நான் உட்கார்ந்திருந்த நிலைமை இதுதான்.

கலிஃபோர்னியாவுல, இந்த டப்ளின்ல நம்ம சஷ்டி பூஜைக்கு வர்ற எல்லாரும், "ஜோதி, முருகன் உன் தாலியைக் காப்பாத்தின கதையை எழுதிக் கொடு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எழுதறேன். ஆனா நயமா எழுத எனக்கு வராது. தாராபுரத்துக்காரிக்கு வாய் கொஞ்சம் காரம். நடந்தது நடந்தபடி இருக்கும்.

என் வீட்டுக்காரர் மோகனுக்கு சுகர். டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னாரு. நடந்தாலே போதும். இவரு போயி ஒரு மவுண்டன் பைக் குரூப்ல சேர்ந்துட்டாரு. அதுக்குத் தலைவர் ரகு. மில்பிடாஸ்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல மேனேஜர். மத்தவங்க எல்லாரும் அவரை 'கேப்டன்'னு கூப்பிடணும், அப்பதான் திரும்பிப் பார்ப்பாரு. ஹெல்மெட்ல ஒரு கேமரா, ஹேண்டில்பார்ல ஒரு கேமரா. தண்ணி குடிச்சா அதுக்கொரு வீடியோ. மூச்சு வாங்கறதைக்கூட வாட்ச்சுதான் அவருக்குச் சொல்லணும். எட்டுப் பேரும் ஒரே கலர் ஜெர்ஸி, முதுகுல சிங்கம் படம். பார்க்கிங் லாட்ல பார்த்தா ஏதோ இமயமலையைப் பெயர்த்து எடுத்துட்டு வரப் போற மாதிரிதான் இருக்கும்.

இந்தக் கும்பலை நம்பி அவரைத் தனியா அனுப்ப எனக்கு மனசில்லை. நானும் பைக் ஓட்டக் கத்துக்கிட்டேன். மெதுவாத்தான் ஓட்டுவேன், ஆனா விழ மாட்டேன்.

சியரா மலைக்குப் போனோம். அந்த இடத்தைப் பத்தி மட்டும் நான் குறை சொல்லவே மாட்டேன். ஜூலையிலயும் சிகரத்து இடுக்குல பனி இருந்துச்சு. கீழே ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா ஏரி, மயில் கழுத்து நிறத்துல தண்ணி. பாறையை ஒட்டி ஒத்தையடிப் பாதை வளைஞ்சு வளைஞ்சு மேலே போகுது. முருகன் இல்லாம இப்படி ஒரு மலை இருக்க முடியுமான்னு நின்னு கும்பிட்டேன். நெத்தியில விபூதி வெச்சுக்கிட்டேன். ரகு பார்த்துட்டாரு.

"அண்ணி, இது பழனி இல்ல, சியரா. உங்க முருகனுக்கு இங்க விசா இருக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. என் பையில இருந்த ஈரோட்டுத் துண்டைப் பார்த்தும் சிரிச்சாங்க. வேர்வை துடைக்க அவங்க எல்லார்கிட்டயும் ஏதோ நாசாவுல நெய்த மாதிரி ஒரு துணி இருந்துச்சு.  அற்பங்களுக்குப் பதில் சொன்னா நம்ம மூச்சுதான் வீண். மேட்டுல மூச்சு முக்கியம்.

கிளம்பும்போது கேப்டன் ஒரு பிரசங்கம் வெச்சாரு. நம்ம டீம்ல யாரையும் பின்னாடி விட்டுட்டுப் போறதில்லையாம். கடைசி ஆளுக்குப் பின்னாடி எப்பவும் ஒருத்தர் வருவாராம். ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தாரு. அதையும் வீடியோ எடுத்துக்கிட்டாரு. மத்தியானம் மேகம் கூட ஆரம்பிச்சதும், மேல் ஏரியில வெளிச்சம் போறதுக்குள்ள படம் எடுக்கணும்னு எல்லாரும் பறந்துட்டாங்க. எங்களுக்குப் பின்னாடி வரவேண்டியவரும் எங்களைத் தாண்டிக்கிட்டு, "ஸீ யூ அட் த டாப், அண்ணி!"ன்னு போயிட்டாரு.

ஒரு திருப்பத்துல சரளைக் கல்லு. மோகன் முன் பிரேக்கைப் பிடிச்சாரு. பைக் அப்படியே தலைகுப்புறப் புரண்டுச்சு. பிரேக் லீவர் அவர் தொடையில குத்தி உள்ளே போயி வெளியே வந்துருச்சு. நான் ஓடிப் பார்க்கிறதுக்குள்ள ஷார்ட்ஸ் பூரா ரத்தம்.

அந்த ஈரோட்டுத் துண்டைச் சுருட்டிக் காயத்துல திணிச்சு, என் முழு பாரத்தையும் போட்டு அமுக்கினேன். அவரே ஒரு கையால வாக்கி டாக்கியை எடுத்து என் வாய்கிட்ட பிடிச்சாரு.

"ரகு, இவரு விழுந்துட்டாரு. ரத்தம் நிக்கலை. உடனே வாங்க."

"சின்ன ஸ்லிப்பா இருக்கும் அண்ணி, பேனிக் ஆகாதீங்க."

"தொடையில குத்தியிருக்கு! கையை எடுக்க முடியலை!"

 அப்புறம் கேப்டன் சொன்னாரு: "அண்ணி, இங்க மின்னல் வெட்டுது. ஸேஃப்டி ஃபர்ஸ்ட். நாங்க அந்தப் பக்கமா கீழே இறங்கறோம். சிக்னல் கிடைச்சதும் கால் பண்றேன். பாஸிட்டிவா இருங்க."

அதோட சரி. முதுகுல இருந்த சிங்கமெல்லாம் எந்தப் பக்கமா ஓடுச்சோ தெரியலை.

அப்புறம் ஆலங்கட்டி. கோலிக்குண்டு மாதிரி ஐஸ் கொட்டுது. அவர் முகத்துல படாம நான் குனிஞ்சு மறைச்சுக்கிட்டேன். முதுகெல்லாம் கல்லடி. அவர் உதடு வெளுத்துப் போச்சு.

"ஜோதி, நீ போ. நீயாவது இறங்கிப் போ."

"வாயை மூடுங்க"ன்னேன். அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

உறவுகளே, அந்த நேரத்துல எனக்கு ஒரு பாட்டும் வரலை. இத்தனை வருஷமா மனப்பாடமா சொன்ன ஒரு வரிகூட நாக்குல நிக்கலை. மேலே மேகத்துக்குள்ள மறைஞ்சிருந்த சிகரத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பிச்சேன்.

"ஏன்டா முருகா, ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டுக் கோவணத்தோட மலையேறினவன்தானே நீ? குடும்பத்தை விட்டுட்டுப் போனவனுக்குக் குடும்பஸ்தி கஷ்டம் எங்க தெரியும்? மலையெல்லாம் உன்னோடதுன்னு சொல்றாங்களே, இது யாரு மலை? உன் மயிலுக்கு மழைன்னா ஆட மட்டும்தான் தெரியுமா, பறக்கத் தெரியாதா? அந்த ஓடுகாலிப் பசங்களுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்? இறங்கி வாடா!"

தொண்டை கிழியக் கத்தினேன். பாறையெல்லாம் எதிரொலிச்சுது.

"யார் அங்கே கத்தறது?"ன்னு இங்கிலீஷ்ல ஒரு குரல். பைக்கைத் தள்ளிக்கிட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாங்க. அறுபதுக்கு மேல வயசு, தலையெல்லாம் நரை, முட்டி வரைக்கும் சேறு. ஒரே பார்வைதான். பக்கத்துல மண்டி போட்டாங்க.

"கையை எடுக்காதே. இன்னும் அழுத்து. எட்டிப் பார்க்காதே."

பேரு டெப். எமர்ஜென்சி வார்டுலயே காலம் பூரா வேலை பார்த்து ரிட்டயர் ஆன நர்ஸ். அவங்க போகவேண்டிய ஏரி வேற. ஆலங்கட்டியில கண்ணு தெரியாம பாதை பிரியற இடத்துல தப்பாத் திரும்பிட்டாங்க. தப்பைத் தெரிஞ்சு திரும்பப் போகும்போதுதான் என் கூச்சல் காதுல விழுந்திருக்கு. பையில சாட்டிலைட்டுக்குச் செய்தி அனுப்பற கருவி இருந்துச்சு. கட்டுப் போடறதுக்கு வேண்டியதெல்லாம் இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க, வழி தப்பினவங்களா அவங்க?

"உங்க கூட்டாளிங்க எங்கே?"

"கீழே இறங்கிட்டாங்க."

டெப் ஒரு வார்த்தை சொன்னாங்க. பூஜைக் குழுவுல படிக்கிற கட்டுரைங்கறதால அதை எழுதலை. ஆனா ரொம்பப் பொருத்தமான வார்த்தை. நான் பத்து நிமிஷமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்ததும் அதேதான். அப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. என்னை மாதிரியே திட்டற ஒருத்தியைப் பார்த்து முருகன் அனுப்பியிருக்கான்!

டெப் அந்தக் கருவியில அனுப்பின செய்திக்கு, ஹெலிகாப்டர் தயாரா இருக்கு, ஆனா இடி நின்னாத்தான் வரமுடியும்னு பதில் வந்துச்சு. நடந்து வர்ற ஆளுங்களுக்கு ரொம்ப நேரமாகும். மோகன் கண்ணு சொருகிக்கிட்டே போச்சு. நான் மறுபடியும் சிகரத்தைப் பார்த்து ஆரம்பிச்சேன்.

"யாரைத் திட்டறே?"ன்னு டெப் கேட்டாங்க.

"எங்க சாமியை."

"விடாதே, திட்டு. உன் சத்தத்துலதான் இவர் முழிச்சிருக்கார்."

நிஜமாவே மோகன் உதட்டோரத்துல சிரிப்பு. "பாவம்டி அவன்"னு முனகினாரு. கல்யாணமான நாள்லயிருந்து பூஜை ரூம் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன் என் முருகனுக்குப் பரிஞ்சு பேசறாரு!

திட்டி முடிச்சு, கடைசியா மெதுவா ஒண்ணு சொன்னேன். "போதும்ப்பா. என்னால முடியலை. வா." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல ஆலங்கட்டி நின்னுச்சு. இடிச்சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துச்சு. ஏரிக்கு நேர் மேலே மட்டும் மேகம் விலகி, ஒரு துண்டு நீல வானம். அது வழியா ஹெலிகாப்டர் இறங்கறதை என் கண்ணால பார்த்தேன். எங்களை உள்ளே ஏத்தி மேலே எழும்பினதும் மேகம் மறுபடியும் மூடிக்கிச்சு. டெப் கீழே நின்னு கையாட்டிக்கிட்டே சின்னதாகிப் போனாங்க.

ரத்தக் குழாய் கிழிஞ்சிருந்துச்சாம். கை கொஞ்சம் விலகியிருந்தாக்கூட ஆளு பிழைச்சிருக்க மாட்டாருன்னு ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொன்னாங்க.

மறுநாள் சிங்கங்கள் பலூனோட ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுங்க. உதவிக்கு ஃபோன் பண்ணினீங்களான்னு கேட்டேன். ரகு மெசேஜ் போட்டாராம், போகலையாம். அது போகலைங்கறதை ராத்திரி பீட்ஸா சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் பார்த்தாராம்.

"ஆனா அண்ணி, நாங்க எல்லாரும் உங்களுக்கு பாஸிட்டிவ் எனர்ஜி அனுப்பிக்கிட்டே இருந்தோம்"னாரு ரகு.

முருகனுக்கு விசா கேட்ட வாய் இது! நான் சாமியை நம்பினா மூடநம்பிக்கையாம், இவரு பார்க்கிங் லாட்ல நின்னுக்கிட்டு எனர்ஜி அனுப்பினா அது விஞ்ஞானமாம்.

"வந்து சேரலைங்க கேப்டன்"னேன். "உங்க மெசேஜ் மாதிரியே அதுவும் வழியில நின்னுருச்சு போல." பலூனை வாங்கிக்கிட்டுக் கதவைக் காட்டினேன். அவரை மன்னிக்கச் சொல்லி நம்ம குழுவுல சிலபேர் சொன்னீங்க. முருகன் மன்னிக்கட்டும், அவனுக்கு நேரம் நிறைய இருக்கு.

மோகன் இப்ப நடக்கிறாரு, லேசா சாய்ஞ்சு நடக்கிறாரு. சஷ்டிக்கு எனக்கு முன்னாடியே குளிச்சுட்டு உட்கார்ந்துடறாரு. நாங்க பைக்கை விடலை. டெப்கிட்ட முதலுதவி கத்துக்கிட்டேன். கோடையில எங்க ஊர்க்காரங்க யாரு மலைக்குப் போனாலும் நாங்க ரெண்டு பேரும் கடைசியாத்தான் ஓட்டறோம். எங்களுக்குப் பின்னாடி யாரும் இருக்கக்கூடாது. அதுதான் நான் முருகனுக்குச் செலுத்தற காவடி.

உங்களுக்கும் ஒரு நாள் கையை எடுக்கவும் முடியாத, வைக்கவும் முடியாத கஷ்டம் வரலாம். பாட்டு மறந்துபோச்சேன்னு, விளக்கேத்தலையேன்னு தயங்கி நிக்காதீங்க. அழகா வேண்டிக்கத் தெரியலைன்னா சண்டை போடுங்க. இல்லாதவன்கிட்ட யாராவது சண்டை போடுவாங்களா? உரக்கக் கூப்பிடுங்க. அவன் வருவான். சேத்துக் காலோட, வேற பேர்ல, வேற பாஷை பேசிக்கிட்டு வந்து நின்னாலும், ஆளைப் பார்த்தவுடனே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.