நெல்லிக்காய் அளவு களி

போன வருடம் ஆடி மாதம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சுகர் பார்டர்ல இருக்கு. மூணு மாசம் பார்ப்போம். சாப்பாட்ட மாத்துங்க. குறையலேன்னா மாத்திரைதான்" என்றார். நான் குடியிருப்பது கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில். வீடும் பார்டர், சுகரும் பார்டர் என்று கம்பெனி பஸ்ஸில் ஒரே கேலி. நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயம்தான். என் அப்பா கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட மாத்திரை டப்பாவோடுதான் போவார். நாற்பது வயதிலேயே எனக்கும் ஒரு டப்பா வந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மூன்று வேளையும் சோறு போட்டாலும் முகம் சுளிக்காத குடும்பம். ஆனால் தொழிற்சாலையில் எங்கள் லைனின் கைசன் குழுவுக்கு நான்தான் தலைவர். கைசன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தினமும் ஒரு சின்ன மாற்றம் செய்து வேலையைச் சுலபமாக்குவது. ஸ்பானரைக் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டி வைப்பதுகூட அதில் சேர்த்திதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற நினைத்தால் எதுவும் மாறாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு மணிக்கணக்காகப் பாடம் நடத்துவேன். அப்பேர்ப்பட்ட நான், "திங்கட்கிழமையில இருந்து சோறு கிடையாது, டீ கிடையாது, மத்தியானம் வெறும் களிதான்" என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டேன்.

களி ஆசையைக் கிளப்பியது பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், வீட்டுக்காரர் தக்காளி விவசாயம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம் என்று மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசுவார். மத்தியானம் பெரும்பாலும் ராகிக் களிதான் கொண்டுவருவார். எனக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன்.

திங்கட்கிழமை கொண்டுவந்தார். வயலில் பாடுபடும் வீட்டுக்காரருக்கு உருட்டுகிற அளவிலேயே எனக்கும் உருட்டியிருந்தார். உரித்த தேங்காய் அளவுக்கு இருந்தது, கூடவே கீரைக் குழம்பு. நான் ஒரு வாய் பிய்த்துப் போட்டு, சோற்றை மெல்வது போலவே மென்றேன். மெல்ல மெல்ல அது பல்லிலும் மேல் அண்ணத்திலும் அப்பிக்கொண்டது. வாயைத் திறக்கவும் முடியவில்லை, துப்பவும் மானம் இடம் தரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஜையே குலுங்கிச் சிரித்தது.

"ஐயோ அண்ணா, களிய மெல்லக் கூடாதுங்க. குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்றார் அந்தச் சகோதரி, தானும் சிரிப்பை அடக்க முடியாமல்.

வீம்புக்கு முழு உருண்டையையும் முழுங்கினேன். சாயங்காலம் வரைக்கும் வயிற்றில் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு மெஷின் ஓட்டியது போல் இருந்தது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த நல்லது நடந்தாலும் ட்ரீட் வைக்க வேண்டும். அந்த வாரமே ஒருவர் புது பைக் எடுத்ததற்கு ஜிலேபியும் பப்ஸும் வந்தன. சோற்றையும் டீயையும் காணாமல் காய்ந்துபோயிருந்த நான் தின்றேன் என்று சொல்வதைவிட, பாய்ந்தேன் என்று சொல்வதுதான் சரி. கையில் ஒட்டிய ஜீராவை நக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சகோதரி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்ணா, கைசன் எல்லாம் மெஷினுக்கு மட்டுந்தானா?"

கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் பின்னால் சுவரில் போர்டு. அதில் 'இன்று ஒரு சிறு மாற்றம்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

மறுநாள் அவர் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கென்று ஒரு களி உருண்டையை வைத்தார். நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. "எங்க பக்கம் குழந்தைங்களுக்கு இப்படித்தாங்க ஆரம்பிப்போம்" என்றார். மறுபடியும் மேஜையில் சிரிப்பு. ஒரே முழுங்கு, உள்ளே போய்விட்டது. கைதட்டினார்கள். மனைவி கொடுத்துவிட்ட சோற்றில் ஒரே ஒரு கை குறைத்துக்கொண்டேன். அன்றைய மாற்றம் அவ்வளவுதான். டீயைக்கூட வழக்கம்போலவே குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த உருண்டையை எங்கள் லைனே தத்தெடுத்துக்கொண்டது. நெல்லிக்காய் சில வாரத்தில் எலுமிச்சை ஆனது. களி வளர வளரச் சோறு குறைந்தது, அந்த இடத்தில் கீரையும் காயும் வந்து உட்கார்ந்தன. "குழந்தை வளருதா?" என்று அடுத்த லைன்காரர்கள்கூட விசாரித்தார்கள். முதலில், "இது என்னங்க, போஸ்டர் ஒட்டுத பசை மாதிரி இருக்கு" என்று மூக்கைச் சுளித்த என் மனைவி, அந்தச் சகோதரியிடம் போனில் பக்குவம் கேட்டுத் தானே கிண்டத் தொடங்கினாள். பிறகுதான் டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினேன். களியும் மாவுதான், அளவு முக்கியம் என்று கம்பெனி நர்ஸ் எச்சரித்தார். உருண்டை ராயக்கோட்டைத் தக்காளியைத் தாண்டக் கூடாது என்று மேஜையில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? எனக்குச் சறுக்கியது ஆயுத பூஜையன்று. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கையில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் ஜூஜுவாடி வந்து சேருவதற்குள் பாக்ஸ் காலி. விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது அந்தச் சகோதரியிடம், "விடும்மா, எனக்கு மாத்திரைன்னுதான் எழுதியிருக்கு" என்று களியைத் தள்ளி வைத்தேன். உண்மையிலேயே மனசு விட்டுப்போயிருந்தது.

"மெஷின் ஒருநாள் நின்னா ரிப்பேர் பண்ணி ஓட்டறோமா, பழைய இரும்புக்குப் போடறோமாண்ணா?" என்றார் அவர்.

தள்ளி வைத்த களியை இழுத்து முழுங்கினேன்.

ஐப்பசியில் மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் கூப்பிடும் வரை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "நல்லாவே குறைஞ்சிருக்கு. மாத்திரை வேண்டாம். இப்படியே போங்க." எனக்கு வந்த சந்தோஷத்தில் லைனுக்கு நடந்து போனேனா, ஓடினேனா என்று தெரியவில்லை. முதலில் அந்தச் சகோதரியிடம்தான் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

நல்ல சேதி என்றால் ட்ரீட் உண்டே. சுகர் குறைந்ததற்கு ஜிலேபி வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். மறுநாள் நானும் மனைவியும் விடிவதற்கு முன்பே எழுந்து, லைன் முழுவதற்கும் தக்காளி அளவில் களி உருட்டினோம். கீரைக் குழம்பு ஒரு தூக்கில், கருவாட்டுக் குழம்பு ஒரு தூக்கில். கம்பெனி பஸ் முழுக்கக் கருவாட்டு வாசம். டிரைவர்கூடத் தனக்கு ஒரு உருண்டை எடுத்து வைக்கச் சொன்னார்.

மத்தியானம் எங்கள் மேஜையில், ஒடிசாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர் ஒருவரும் உட்கார்ந்தார். களியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் தண்ணீர். நானும் அந்தச் சகோதரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்த அரைகுறை இந்தியில், மெல்லாதே, முழுங்கு என்று கழுத்தைத் தடவிக் காட்டினேன். பிறகு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி அவர் தட்டில் வைத்தேன். முழுங்கிவிட்டு முகம் மலர்ந்து சிரித்தார். மேஜையில் அதே கைதட்டல்.

இப்போதும் நான் எதையாவது ஒரேயடியாக மாற்றிவிடப் போவதாக வீட்டில் கிளம்பினால், "நெல்லிக்காயா, தேங்காயா?" என்று மட்டும் மனைவி கேட்பாள். நெல்லிக்காய் என்று சொல்லப் பழகிய பிறகு, தொடங்கிய எதையும் நான் பாதியில் விட்டதில்லை.