லிஃப்ட் குழியில் இருவர் சீட்டி

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சித்தப்பாவும் அவரோடு அதே வேலையில்தான் இருந்தார். பிறகு சீட்டியடித்தே உலகப் புகழ் பெற்றார். மூச்சே வாங்காமல் நீளும் அவருடைய முதல் பாட்டைக் கேட்காத நாடில்லை. அப்பா கடைசிவரை கிரீஸ் கையோடுதான் வீடு திரும்பினார்.

நான் ஒலிப்பதிவு படித்தவள். அந்தப் பாட்டைக் கணினியில் போட்டு அலசியிருக்கிறேன். எந்த மனித நுரையீரலும் அவ்வளவு நேரம் தாங்காது. இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது; அப்பாவும் சீட்டியடிப்பார், ஒருவேளை அடித்தது அவர், பெயர் வாங்கியது சித்தப்பா என்று சந்தேகம். கேட்டால் அப்பா, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார்.

அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள் சித்தப்பா விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். கூடவே மேனேஜர். துக்க வீட்டில் மேனேஜருக்கு என்ன வேலை?

சித்தப்பா அழுதார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, அண்ணன் சீட்டியடிச்சதை போன்ல பதிஞ்சு வச்சிருக்கியாமே?"

வைத்திருந்தேன். அப்பா போனபின் அதைப் போட்டுக் கேட்க எனக்கே தைரியம் வரவில்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு ஞாபகத்துக்குத்தான்."

"ஞாபகத்துக்கு மேனேஜர் வேணுமாக்கும்."

"சும்மா இருடி," என்றார் அம்மா.

"அப்பாவுக்காக அந்தப் பாட்டை இப்போ அடிங்க, சித்தப்பா." மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அடித்தார். அச்சு அசல் அதேதான். சட்டென்று நின்று மூச்சு வாங்கினார். சிறிது விட்டு மேலே தொடர்ந்தார். மறுபடி நின்றார்.

"அந்த இடமெல்லாம் உங்கப்பாவோடது," என்றார் அம்மா.

அம்மா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது: அவர்கள் வேலை அப்படி. ஒருவர் கீழே குழிக்குள், ஒருவர் மேலே மோட்டார் அறையில். சீட்டி கேட்டுக்கொண்டிருக்கும்வரை குழியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், சுவிட்சை யாரும் தொடக் கூடாது. கீழே இருப்பவர் மூச்சு வாங்கும்போது மேலே இருப்பவர் எடுத்துக்கொள்வார். சத்தம் அறுந்தால் ஆளில்லை என்று யாராவது லிஃப்டை ஓட்டிவிடலாம், உயிருக்கு ஆபத்து. யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள்; அதுதான் அந்த முதல் பாட்டு. படத்தில் சித்தப்பாவின் முகம் மட்டும்தான் இருந்தது.

"அப்புறம் வந்த பாட்டுக்கெல்லாமும் அண்ணன்தான் தன் பங்கை அனுப்பினாரு," என்றார் சித்தப்பா. "இப்போ புதுசு ஒண்ணு பாதியில நிக்குது."

"தர்றேன். அப்பா பேரைப் போடுவீங்களா?"

"இத்தனை வருஷம் கழிச்சா? பித்தலாட்டக்காரன்னு காறித் துப்புவாங்கம்மா."

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

சித்தப்பா மேனேஜரைப் பார்த்தார்.

"அப்போ நீங்க மூச்சு வாங்கறது ஜனங்களுக்குக் கேக்கட்டும்," என்று போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.