கைரியா திருப்பி எடுத்த கையெழுத்து

அக்குறணையில் துணிமணி விற்கும் பிடவைக் கடை வைத்திருந்த ஜமால்தீனின் மூத்த மகள் கைரியா, கண்டி நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தாள். வெளிநாட்டாருக்கு மின்னணுச் சிப்புகளை வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. சிப்புக்குள் ஓடும் சமிக்ஞைகள் நேரத்துக்குப் போய்ச் சேருகின்றனவா என்று சரிபார்ப்பது அவள் பொறுப்பு. உள்ளே கடிகாரம் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த துடிப்புக்குள் சமிக்ஞை வந்தாக வேண்டும். பிந்தினால், சத்தமில்லாமல் பிழையான விடை வரும்.

2014இல் நெஞ்சில் ஒட்டி இதயத் துடிப்பை அளக்கும் கருவிக்கு ஒரு சிப் செய்தார்கள். பதினொரு மாத உழைப்பு. எல்லாம் சரி என்று கைரியா ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைத்தாள். குழுத் தலைவர் ராஜலிங்கம், சாவகச்சேரிக்காரர், எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

மறுநாள் மதியச் சாப்பாட்டில், கூட வேலை செய்யும் நளீர் தன் பகுதியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பகுதி, இதயத் துடிப்பை அளக்கும்போதே இப்போது வேலை செய்யுமாம். கைரியா எழுந்து, கையைக் கழுவிவிட்டு நேரே தன் கணினிக்குப் போனாள்.

அந்த இரண்டு வேலைகளுக்குமான கம்பிகள் சிப்பில் பக்கம் பக்கமாக ஓடின. ஒன்றில் மாற்றம் வந்தால் அது அடுத்ததைத் தாக்கி, அதன் சமிக்ஞையைச் சற்றுப் பிந்த வைக்கும். 'இவை இரண்டும் ஒரே நேரத்தில் மாறா' என்று கணினிக்கு ஒரு வரியில் சொல்லி, அந்தத் தாக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடச் செய்தவள் அவள்தான். முந்திய சிப்பில் அது உண்மை. அந்த வரியை அப்படியே இதற்கும் எடுத்து வைத்திருந்தாள். வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சமிக்ஞை நாற்பது பைக்கோ செக்கன் பிந்தியது. ஒரு செக்கனை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் நாற்பது பங்கு.

பின்னேரம் ராஜலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

"சேர், நான் வச்ச கையெழுத்தத் திருப்பி எடுக்கணும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர், "நளீர் உமக்குச் சொல்லேல்லையே?" என்று கேட்டார். தப்பிக்க ஒரு வழி அது.

"மெயில் போட்டிருந்தார் சேர். நான்தான் பழைய வரிய அப்பிடியே உட்டுட்டேன்."

அவர் கணினியில் நாட்காட்டியைத் திறந்தார். "தொழிற்சாலை தந்த இந்தத் தவணையை விட்டா ரெண்டு மாதம் போகும். தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

இரண்டு கம்பிகளையும் விலக்கி, நடுவே மாற்றமே இல்லாத ஒரு கம்பியைப் போட்டார்கள். கைரியா அதோடு நிற்கவில்லை. பழைய சிப்பிலிருந்து வந்த முந்நூற்றுச் சொச்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. தாமதத்துக்கு வாடிக்கையாளர் முகம் சுளித்தார். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை.

அடுத்த வருடம் சித்திரையில் சிப்புகள் வந்து சேர்ந்தன. ராஜலிங்கம் முதல் கருவியைத் தன் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு மூன்று நாள் திரிந்தார். பேராதனைக்குப் போனார், மாடிப்படி ஏறி இறங்கினார். மூன்று நாள் பதிவில் ஒரு பிழை இல்லை. அவர் கைரியாவின் மேசைக்கே வந்து, "வேலை செய்யுது பிள்ளை" என்றார். முதல் முறையிலேயே ஒரு பிழையும் இல்லாத சிப் அந்த அலுவலகத்துக்கு அதுதான் முதலாவது. வருட முடிவில் சரிபார்க்கும் பிரிவு முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார்கள்.

அன்று தேத்தண்ணீர் குடிக்கும்போது நளீர் மனம் விட்டுச் சொன்னான்: "நானா இருந்தா அந்த அறைக்குப் போயிருக்கவே மாட்டேன்."

கைரியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானும் ரெண்டு தரம் கதவடில இருந்து திரும்பி வந்தேன்" என்றாள்.