இருந்தது இருந்தபடி

சாலையோரத்தில் ஒரு மனிதர் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து, தெருவுக்குப் புதியவர் யாராவது தண்ணீர் பாட்டிலோடு பதறி ஓடிவந்தால், பக்கத்து அடுக்ககத்துக் காவலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்: "ஒண்ணும் இல்லீங்க. சார் நல்லாத்தான் இருக்காரு. ஏதோ சிக்கியிருக்கு, அவ்வளவுதான்." அன்று சிக்கியது ஒரு குடை. துணியெல்லாம் போய், கம்பிகள் மட்டும் விளக்குக் கம்பத்தின் காலடியில் கிடந்தன. சர்வேயர் கைக்குட்டையை விரித்து முழங்கைகளை ஊன்றி, தாடை தரையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து, ஒற்றைக் கண்ணை மூடியிருந்தார். குடையின் உயரத்துக்கு நாமும் இறங்கினால்தான் அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. குடை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதம் பார்த்தவர். மோதிய கார், எரிந்த கிடங்கு, தண்ணீர் புகுந்த கடை என்று எது நாசமானாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். சேதமான இடத்தில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது, படம் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். "இருந்தது இருந்தபடி" என்பார். ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையையும் கைப்பையையும் திருப்பி வாங்கிக்கொண்ட நிறுவனம், இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவரிடமே விட்டுவிட்டது. இப்போது சேதம் பார்க்க யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அவரே தேடிக்கொண்டு போகிறார்.

"குப்பையை எதுக்கு சார் போட்டோ எடுக்கறீங்க?" என்று கேட்டால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "குப்பைன்னா வேண்டாம்னு போட்டது. இது விட்டுட்டுப் போனது. ரெண்டும் ஒண்ணா?" ஒற்றைக் கையுறை, பஸ் நிறுத்தத்தில் யாரோ மறந்த சாப்பாட்டு டப்பாவின் மூடி, மூன்று சக்கரம் மட்டும் மிஞ்சிய தள்ளுவண்டி, முதுகு போன சோபா எல்லாம் அவருடைய கணினிக்குள் சுகமாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அதன் கண்மட்டத்தில் ஒன்று, அது பார்க்கிற திசையில் ஒன்று. விரல் நுனிகூடப் படாது. ஒருமுறை மாடிப்படியில் ஒரு சாவிக்கொத்து கிடந்தது. நாலு கோணத்தில் எடுத்துவிட்டு வந்துவிட்டார். அது மேல்வீட்டுக்காரருடையது. சாயங்காலம் அவர் ஆளைக் கூட்டிவந்து பூட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது, "காலையிலேயே பாத்தேனே, நல்லா வந்திருக்கு படம்" என்றார் சர்வேயர். மேல்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் லிப்டில் ஏறுவதில்லை.

கீழ்த்தளத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் அவர் மனைவிக்கு இதிலெல்லாம் தலையிட நேரமில்லை. "உயிர் இல்லாத எதையாவது பாத்தாத்தான் இவருக்கு உயிரே வரும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு மாத்திரையை எண்ணப் போய்விடுவார். மகள் இன்னும் ஒருபடி மேலே. "என் கல்யாணத்துல எங்கப்பா எடுத்த ஒரே படம், சாப்பாட்டுக் கூடத்துல யாரோ விட்டுட்டுப் போன மூக்குக் கண்ணாடி" என்பாள். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு.

மனிதர்களைப் படம் எடுக்க அவருக்கு வராது. அசைவார்கள், சிரிப்பார்கள், தலைமுடியைச் சரிசெய்வார்கள். அதில் எங்கே இருக்கிறது இருந்தபடி? தன் முகத்தைக் காட்டுவதிலும் அதே கதைதான். வெளியூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இவர் போனைப் பிடிக்கிற பிடியில் அந்தப் பக்கம் தெரிவது வெறும் நெற்றி. பேத்திக்கு அவர் "நெத்தி தாத்தா". பேச்சு வந்த நாளிலிருந்து அவள் பார்த்த தாத்தா அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒருமுறை வந்திருந்தபோது, நெற்றிக்குக் கீழே மிச்ச முகமும் இருப்பதைக் கண்டு வீறிட்டு அழுதாள். ஊருக்குக் கிளம்புகிற வரை பக்கத்தில் வரவே இல்லை. "குழந்தைன்னா அழத்தான் செய்யும்" என்று அன்று அலட்சியமாகச் சொன்ன மனிதர், இந்த முறை அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினார். மனைவி ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து, "பல்லு வலியா?" என்று கேட்டார். யாரும் தள்ளிவிடாமல், மிட்டாய் காட்டாமல், பேத்தி தானாகத் தன்னிடம் வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு அவர் தயாராக இல்லை.

அவர்கள் வந்த அன்று காலை முகச் சவரம் செய்து, புதுச்சட்டை போட்டு, "ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நல்ல எண்ணத்தோடு சீக்கிரமே திரும்பவும் செய்தார். ஆனால் வாசல் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடியின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குழந்தைச் செருப்பு கிடந்தது. ஒற்றை. வார் அவிழ்ந்து, குதிகால் லேசாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இந்த மாதிரி ஒன்றுக்காக அவர் எத்தனையோ நாள் அலைந்திருக்கிறார். "யாரு பெத்த பிள்ளையோடதோ" என்று முணுமுணுத்துக்கொண்டே புதுச்சட்டையோடு மண்ணில் படுத்தார். நாலு படமும் அம்சமாக வந்தன. செருப்பை அப்படியே விட்டுவிட்டு மாடி ஏறினார்.

கதவைத் திறந்ததும் மகள், அவளுடைய பெட்டிகள், அவள் முட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் பேத்தி. சர்வேயர் பழகிவைத்திருந்த சிரிப்பை எடுத்துப் போட்டார். பேத்தி ஓர் அடி பின்வாங்கினாள். 'கீச்' என்று ஒரு சத்தம். இன்னோர் அடி. சத்தம் இல்லை. அடுத்த அடி. 'கீச்'. அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். ஒரு காலில் நடந்தால் கத்துகிற மஞ்சள் செருப்பு. மறுகால் வெறுங்கால்.

"தூங்கிட்டே வந்தா, கார்லருந்து தூக்கிட்டு வரும்போது எங்கயோ விழுந்திருச்சு போல" என்றாள் மகள். "இதைத் தவிர எதையும் போட மாட்டா. காலையிலேயே ஆரம்பிச்சுட்டா அழுகையை. நீங்க வர வழியில பாத்தீங்களாப்பா?"

சர்வேயர் வாசல் பக்கம் திரும்பினார். "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"பால்தான் நிறைய இருக்கே" என்றார் மனைவி. அதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருந்தார். சாக்கடை மூடி அங்கேயே இருந்தது. செருப்பு இல்லை. குப்பை வண்டி வந்து போய்விட்டது. எந்த நாளும் அந்தப் பக்கம் துடைப்பம் பட்டு அவர் பார்த்ததில்லை. அன்று மட்டும் உள்ளங்கை போலப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

மேலே வந்தவர், உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எல்லோரையும்விட மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். சோபாவைத் தள்ளினார், பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார், அலமாரிக்கு மேலேகூடப் பார்த்தார். வேலையில் இருந்த காலத்தில் எரிந்த கிடங்குகளில் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்ததே, யார் மற்றவர்களைவிட அதிகமாகத் தேடுகிறார்கள் என்பதை வைத்துத்தான். இப்போது தன்னைக் கண்டுபிடிக்க யாரும் இல்லை என்று ஒரு சின்ன நிம்மதி. பின்னாலேயே 'கீச்' என்று ஓர் அடியும், சத்தமில்லாமல் ஓர் அடியுமாகப் பேத்தி வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தோள் தூக்கிப்போட்டது.

சாயங்காலம் வம்பு வேறு வழியில் வந்தது. அப்பாவைச் சந்தோஷப்படுத்துவோம் என்று மகளுக்கு நல்ல எண்ணம். "இன்னிக்கு என்னப்பா எடுத்தீங்க? டிவியில போட்டுக் காட்டுங்களேன்." இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததே இல்லை. வருவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை? "இன்னிக்கு ஒண்ணும் சரியா அமையல" என்று மென்று விழுங்கினார். "அடக்கம் பாரு இவருக்கு" என்றபடி மனைவியே கேமராவை டிவியில் பொருத்தி ரிமோட்டைப் பேத்தி கையில் கொடுத்தார். அவள் அமுக்கினாள்.

கூடத்துச் சுவர் பாதியை அடைத்துக்கொண்டு மஞ்சள் செருப்பு வந்து நின்றது.

"என் செப்பல்" என்றாள் பேத்தி. அடுத்தது கிட்டத்தில். அடுத்தது கண்மட்டத்தில். நாலாவது படத்தில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த இடம் தெரிந்தது. அவர்கள் வீட்டு வாசல்.

மகள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "இது நம்ம கேட்டுதானே?"

"ஆமா."

"எடுத்து உள்ள கொண்டுவந்து வைக்கணும்னு தோணலையா?"

"யாரோடதுன்னு தெரியாதும்மா. அதுவும், இருந்தது இருந்தபடி..."

"தெரியுமேப்பா." மகள் குரலை உயர்த்தவில்லை. "நான் பரீட்சையில கோட்டை விட்டுட்டு ரூம்ல சுருண்டு கிடந்தப்பகூட, நீங்க வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டீங்க. தொடவே மாட்டீங்க. எதையும் கலைக்காம பாக்க மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்."

மனைவி மாத்திரை எண்ணுகிற சாக்கில் கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று அந்த அறை வாசலில் தான் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது சர்வேயருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உள்ளே போனால் எதையாவது கெடுத்துவிடுவோம் என்று பயந்து நின்றதை, இப்போது எப்படி விளக்குவது? கேமராவை டிவியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அப்போது மடியில் ஏதோ கனத்தது. பேத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் அடியில் தட்டி, "தாத்தா, இதுக்குள்ளதான் இருக்கா? வெளிய எடு" என்றாள்.

அவர் எதற்காக ஏங்கினாரோ அது நடந்துவிட்டது. தானாக வந்து, தானாக ஏறி, நெற்றிக்குக் கீழே உள்ள முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிறாள். வந்த காரணம்தான் கொஞ்சம் கோணல். "உள்ள இல்ல கண்ணு" என்று சொன்னால் இறங்கிவிடுவாள். "இப்ப வராது. நாளைக்குப் பாப்போம்" என்றார் சர்வேயர். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் செருப்பைத் தேடும் சாக்கில் இருவரும் வெளியே போனார்கள். பேத்தி ஒரு காலில் மஞ்சள் செருப்பும் மறுகாலில் துணி ஷூவுமாக, 'கீச், தொப்' என்று நடந்தாள். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். எதிரே வந்த எல்லோரிடமும், அவர்கள் கேட்காமலேயே சர்வேயர், "பேத்தி" என்றார். மேல்வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

பக்கத்து அடுக்ககத்தின் மதிலோரம் ஒரு சுழல் நாற்காலி கிடந்தது. ஏதோ அலுவலகத்தில் வெகுநாள் உழைத்தது. இருக்கை கிழிந்து, முதுகு ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த முதுகின்மேல் மாலை வெயில் அப்படியே விழுந்திருந்தது. சர்வேயரின் சுண்டுவிரல் தானாகக் கழன்றுகொண்டது. "ஒரே நிமிஷம் கண்ணு" என்று கைக்குட்டையை விரித்தார்.

"தாத்தா, செப்பல் தேடலாம்."

"இரும்மா, வெளிச்சம் போயிடும்." பிறகு நாற்காலியிடம், "அப்படியே இருடா ராஜா" என்றார்.

"அதுகிட்ட ஏன் பேசற?"

"பாவம், யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. தனியா இருக்கு இல்ல? அதான்."

பேத்தி யோசித்தாள். 'கீச், தொப்' என்று கொஞ்ச தூரம் போனது காதில் விழுந்தது. அவர் தூரத்துப் படத்தை எடுத்தார். கிட்டத்துப் படத்தை எடுத்தார். கண்மட்டத்துக்குத் தாழ்ந்தபோதுதான் சத்தம் நின்று வெகுநேரமாகிறது என்று உறைத்தது. படுத்தபடியே தலையைத் திருப்பினார்.

மதிலடியில், நடைபாதையின்மேல் பேத்தி படுத்திருந்தாள். கன்னம் தரையில். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி. கண்களை இறுக்க மூடிக்கொண்டு, அசையாமல்.

"பாப்பா, என்னம்மா ஆச்சு?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "என்னை யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, உதடு அசைவது தெரியாமல், "போட்டோ பிடி" என்றாள்.

கை பழக்கத்தில் கேமராவை அந்தப் பக்கம் திருப்பியது. சட்டத்துக்குள் எல்லாம் சரியாக அமைந்திருந்தது. வெளிச்சம் இருந்தது. குறுக்கே ஒருவரும் இல்லை. எதுவும் கலையவில்லை. மூடிய இமைகள் மட்டும், இவர் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாமல் துடித்துக்கொண்டிருந்தன. விரல் பொத்தானில் இருந்தது.

கேமராவைத் தரையில் வைத்தார். முட்டியை ஊன்றி எழுந்து போய், இரண்டு கைகளையும் கொடுத்து அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். "சார், கேமரா" என்று பின்னாலிருந்து காவலாளி கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்காமல், கழுத்தைக் கட்டியிருந்த அந்தச் சின்னக் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.