மீன் சதை போல ஓர் ஓரம்

கோமதி கொல்லங்கோட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். பாலக்காட்டில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக டெக்னீஷியன். ஆபரேஷனில் எடுத்த கட்டிகளின் துண்டுகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் டாக்டரிடம் கொடுப்பது அவள் வேலை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்புக் கட்டி வந்தது. கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த பெரியம்மாள் என்பவருடையது, வயது நாற்பத்தாறு. நான்கே மாதத்தில் எலுமிச்சை அளவு வளர்ந்த கட்டி. சாதாரண நார்க்கட்டி என்றுதான் சர்ஜன் எழுதியிருந்தார். ஆய்வகத்து டாக்டர் ஞானம் மூன்று இடங்களில் துண்டெடுத்துப் பார்த்தார். மூன்றிலும் கெடுதலாக எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துதான் பாக்கி.

மிச்சக் கட்டியை ஃபார்மலின் ஜாடிக்குள் போடப்போன கோமதி நின்றுவிட்டாள். மற்ற இடமெல்லாம் ரப்பர் போல வெள்ளையாக இருக்க, ஓர் ஓரம் மட்டும் மீன் சதை மாதிரி சாம்பல் நிறத்தில் பளபளத்தது. ஜாடியோடு டாக்டரிடம் போனாள்.

“ஏனுங்க டாக்டர், இந்த ஓரத்துல நாம துண்டே எடுக்கலீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துருங்க.”

கல்பாத்திக்காரரான ஞானம் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். மழுப்பவில்லை. “நான் விட்டுட்டேன், கோமதி. அந்த ஓரம் முழுக்கத் துண்டெடுத்துப் பாத்துடலாம்.”

இரண்டாம் நாள் எட்டுத் தகடுகள் தயாராயின. ஐந்தாவதில் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவேயில்லை. இலை இலையாக மடிந்த திசுவுக்குள் செல்கள் நெருக்கியடித்து, பார்த்த இடமெல்லாம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கொழுப்புக்குள்ளும் புகுந்திருந்தன. ஃபில்லோடீஸ் கட்டி, அதிலும் அபூர்வமான புற்றுநோய் வகை.

“வந்து நீயே பாரு” என்று டாக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

இரண்டாவது ஆபரேஷனில் சுற்றியிருந்த நல்ல சதையையும் சேர்த்து அகலமாக எடுத்தார்கள். அதையும் கோமதிதான் சீவினாள். விளிம்பில் ஒரு கெட்ட செல்கூட இல்லை.

சர்ஜன்கள் கூட்டத்தில் படங்களைக் காட்டிய டாக்டர் ஞானம், “இதைக் கண்டுபிடிச்சது நானில்லை. எங்க கோமதியாக்கும்” என்றார். பின்வரிசையில் இருந்த கோமதிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் தலை குனியவில்லை.

போன மாதம் ரிப்போர்ட் நகல் வாங்க வந்த பெரியம்மாள், “இங்க கோமதிங்கறது யாருங்க? சர்ஜன் சொன்னாருங்க” என்று கேட்டாள். ஸ்கேனெல்லாம் சுத்தம், காலையில் கடலைக்காய் பறித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னாள். டாக்டரிடம் கேட்டு, அந்த ஐந்தாவது தகட்டை எடுத்து வந்து காட்டினாள் கோமதி.

“இத்தனூண்டுலயா தெரிஞ்சுது?”

“ஆமாங்க. நான் சீவுனதுங்க.”