புகைப்புரை மேல் போட்ட பழி

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், பாறையும் முள்ளுமாகக் கிடந்த சரிவில் இரண்டு ஏக்கர் ரப்பர்த் தோட்டம், எங்கள் பேச்சில் விளை, வைத்தவன் நான். படிப்பு நான்காம் வகுப்பு. “அங்க ஆடுகூட மேயாதுலே” என்று சிரித்தவர்கள் பிற்பாடு என்னிடமே கன்று கேட்டு வந்தார்கள். பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். இரண்டு பெண்மக்களை நர்சு படிக்க வைத்தேன். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு, சிரட்டைத் தீயின் புகையில் உலர்த்தும் புகைப்புரையை, எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கட்டாத காலத்தில் செங்கல் சுமந்து கட்டினேன். ஒருவரும் ஒரு கைமண் அள்ளித் தந்ததில்லை. என் மனைவியைத் தவிர.

புகைப்புரை அவள் பொறுப்பு. தீ அளவும் பதமும் அவளுக்குத்தான் தெரியும். உலர்ந்த ஷீட்டை வெயிலுக்கு நேரே பிடித்துத் தேன் நிறம் பார்ப்பாள்.

மூத்தவள் கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்: “நாற்பது வருஷம் குடித்த பீடியைக் கர்த்தர் கிருபையால் விட்டுவிட்டேன்.” எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பதினோரு நாள்தான் தாங்கினேன். பன்னிரண்டாம் நாள் புகைப்புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைத்தேன். அங்கே பீடிப்புகையை யார் பிரித்து அறிய முடியும்? என் சட்டை மணத்தால்கூட, “ஷீட்டப் புரட்டிப் போட்டியளா?” என்றுதான் அவள் கேட்பாள். பீடிக்கட்டைக் கூரை ஓட்டுக்கு அடியில் செருகி வைத்தேன். சபையில் சொன்னதைத் திரும்பப் போய்ச் சொல்ல முடியுமா?

சில வருஷத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்: “வீட்டுல யாராவது புகை பிடிப்பாங்களா?”

“இல்ல சாரே. இவிய சபையில சாட்சி சொல்லி விட்டவிய” என்றாள். என்ன பெருமை அந்த முகத்தில்!

நான் முந்திக்கொண்டு, “புகைப்புரைதான் சாரே காரணம்” என்றேன்.

அன்றே பூட்டச் சொல்லிவிட்டார். உலராத ஷீட்டைத் தரம் குறைத்தே விற்றோம். அவள் பூட்டிய கதவைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடப்பாள். எனக்கோ ஒளிய இடமில்லாமல் போயிற்று. குளிக்கும் குளிமுறிக்குப் பின்னால் நின்று குடித்தேன். அதற்கு நேர் மேலே அவள் படுக்கும் அறையின் ஜன்னல். “எங்கயோ புகை மணக்குது” என்பாள். “பக்கத்து விளையில சருகு எரிக்காவ” என்பேன். உள்ளே இருமுவாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பீடியை அணைப்பேன். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

புகைப்புரை பூட்டி எட்டாம் மாதம், அவள் மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது ஒரு கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். புகைப் பழக்கத்தை விட இலவச உதவி. இலவச வரிசையில் எனக்காக நான் நின்றதே கிடையாது. ஆனாலும் வரிசையில் அவள் இருமுவது அங்கேயும் கேட்டது. உள்ளே போனேன்.

என் இளைய மகள் வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை அய்யா?”

“எப்பவாவது ரெண்டு, மூணு மக்களே.”

மூச்சில் உள்ள புகையை அளக்கும் கருவியின் குழலை நீட்டி ஊதச் சொன்னாள். எண்ணைப் பார்த்துப் புருவம் தூக்கினாள். “இது ரெண்டு, மூணுக்கு உள்ளதில்லையே அய்யா.”

பழகிய நாக்கு சும்மா இருக்குமா? “புகைப்புரையில வேலை மக்களே. ரப்பர் புகை. அதாக்கும்.”

“புகைப்புரை பூட்டி எட்டு மாசம் ஆச்சே.”

வாசலில் மாத்திரைப் பொட்டலத்தோடு என் மனைவி நின்றாள். என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அம்மா, இருங்க. வீட்டு ஆள் கூட இருந்தா சீக்கிரம் விடலாம்.”

“நான் இருக்கேன் மக்களே. இவருக்குப் பொய் சொல்லத் துணை வேண்டாம், இதுக்காவது வேணும்லா” என்றாள் மனைவி.

வீடு வந்ததும் சாவியை எடுத்துப் புகைப்புரையைத் திறந்தாள். ஓடு ஓடாக அடியில் கை விட்டுத் தேடி, பழைய பீடிக்கட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். “என் தொழிலயா பழி சொன்னீரு?” அவ்வளவுதான். அதுவரை அவள் என்னை மரியாதை குறைத்து நீர் என்று பேசியதில்லை.

வாரம் ஒருநாள் அந்த அறைக்குப் போனோம். ஆசை வந்தால் தண்ணீர் குடி, பத்து நிமிஷம் தள்ளிப் போடு, வாயில் இந்த மருந்துச் சூயிங்கத்தைப் போட்டுச் சவை என்று அந்தப் பெண் சொல்லித் தந்தாள். நடுவில் ஒரு தடவை சறுக்கினேன். அன்றே மனைவியிடம் வாய் திறந்து சொன்னேன். பிறகு தொடவில்லை. அவள் இருமல் குறைந்தது. ஆனால் விளைச் சரிவு ஏறும்போது பாதியில் நின்று இன்றும் மூச்சு வாங்குகிறாள். நானும் கூட நிற்பேன்.

போன மாதம், இருமல் குறைந்ததற்காக அவள் சபையில் சாட்சி சொன்னாள். கர்த்தருக்கு நன்றி, ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு நன்றி. என் பெயர் வரவேயில்லை. வரக்கூடாதுதான் என்று ஒரு நாள் இருந்தேன். மறுநாள் தாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்குள் என்னைக் கழுத்தைப் பிடித்து யாரும் தள்ளவில்லை. அவள் இருமல் கேட்டு நானாக நடந்து போனேன். ஆகவே அடுத்த சாட்சியில் அவள் என் பொய் முழுவதையும் சொல்லட்டும், ஜன்னலையும் சேர்த்து. தலை குனிந்து கேட்கிறேன். ஆனால் அந்தக் கதவைத் திறந்தது நான்தான் என்பதையும் அவள் வாயாலேயே சபையில் சொல்லியாக வேண்டும்.